புரோக்கர் உயிரோடுதான் இருந்தது

பிப்ரவரி 11

ரயில் பாலத்தை வெள்ளம் கொண்டுபோனது போன வருஷம். சந்தைப் பக்கத்துத் தியேட்டரை இடித்துக் கார் நிறுத்துமிடம் ஆக்கியது இந்த வருஷம். இரண்டுக்கும் நடுவில் என் மனைவி போனாள். அதனால்தான் மகள் வீட்டு மாடி அறையில் கிடக்கிறேன். எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. போனிடம் பேசினால் அதுவே எழுதிக்கொள்கிறது. சரியாக எழுதுகிறதா என்று பார்க்கவும் தெரியாது. அதுவும் நல்லதுதான், திட்டினதைத் திருத்தத் தோன்றாது.

மருமகனைத் திட்டத்தான் இதைத் தொடங்கினேன்.

பெரிய ஆஸ்பத்திரியின் கம்ப்யூட்டர்களைக் கண்காணிப்பது அவன் வேலை. வீட்டிலேயே உட்கார்ந்திருப்பான். எதிரே மூன்று திரை, வரிசை வரிசையாகப் பச்சைப் பொட்டுகள். பச்சை என்றால் எல்லாம் ஓடுகிறதாம். சிவப்பானால் அலாரம் குரைக்கும். இதைப் பார்க்க ஒரு படிப்பு! 'பச்சை விளக்கு' என்று மனசுக்குள் பேர் வைத்திருக்கிறேன். நேரில் 'மாப்பிள்ளை'தான். மரியாதையில் குறை வைக்க மாட்டேன் — அதுதான் அவனுக்கு அதிகம் உறைக்கும்.

பிப்ரவரி 14

சாப்பிட உட்கார்ந்தால் ஓயாமல் அலாரம்.

"என்ன மாப்பிள்ளை, ஆஸ்பத்திரி தீப்பிடிச்சிருச்சா?"

"ஒண்ணுமில்ல மாமா. புரோக்கரை மாத்தறாங்க. வேலை முடியற வரைக்கும் சும்மா கத்தும்."

"ஆஸ்பத்திரியிலயும் புரோக்கரா? கமிஷன் எவ்வளவு?"

மகள் சிரித்தாள். அவனுக்குச் சிரிப்பு வரவில்லை. அது ஆள் இல்லையாம், ஒரு புரோகிராம். லேப் அனுப்பும் ரிசல்ட்டை வாங்கி, வரிசையில் வைத்து, வார்டுத் திரைக்குக் கைமாற்றிவிடும். ரிசல்ட் தேங்கினால் கத்துகிற அலாரம்தான் இது. ஒரு தட்டுத் தட்டி அமுக்கினான். "வேலை முடிஞ்சதும் அமுக்கினதை எடுத்து விட்டுடறேன்."

சாப்பாடு நிம்மதியாக இறங்கியது.

பிப்ரவரி 19

தம்பியை அதே ஆஸ்பத்திரியில் சேர்த்தாயிற்று. சிறுநீரகம். "உன் மருமகன் காவல் காக்கற ஆஸ்பத்திரிண்ணே, எனக்கென்ன பயம்?" என்றான். நக்கல்தான். எங்கள் அப்பாவின் வாய் அவனுக்கும் வந்திருக்கிறது. வார்டு நர்ஸ் அவனையே அடக்கிவிட்டாள்: "தாத்தா, ஊசி போடறப்ப வாயை மூடணும்னு இங்க சட்டம்."

பிப்ரவரி 21

தம்பி போய்விட்டான்.

பிப்ரவரி 24

கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன். காலையில் ரத்தம் எடுத்தார்கள். கை கால் மரத்துப்போகிறது என்றான். அந்த நர்ஸ் பெண் திரையைப் போய்ப் போய்ப் பார்த்தாள். "ரிசல்ட் இன்னும் வரல தாத்தா." லேபுக்கு போன் போட்டாள். "அனுப்பியாச்சு, திரையில பாருங்க" என்று வைத்துவிட்டார்கள். மறுபடி திரைக்கு ஓடினாள். ஒன்றுமில்லை. டாக்டரைக் கூப்பிட ஓடினாள். அதற்குள் தம்பியின் நெஞ்சு நின்றுவிட்டது. ரத்தத்தில் பொட்டாசியம் தாறுமாறாக ஏறியிருந்ததாம். நேரத்தோடு தெரிந்திருந்தால் மருந்து இருக்கிறதாம்.

மார்ச் 2

மருமகன் மேலதிகாரியிடம் போனில் பேசுவது கதவு வழியே கேட்டது. எனக்குக் கண்தான் மங்கல். காது பாம்புச் செவி.

"புரோக்கர் பச்சையாதான் சார் இருந்தது... ஆமா சார், தேங்கினா கத்தற அலாரம் அமுக்கினபடியே இருந்திருக்கு... நான்தான் எடுத்து விடல." அந்தப் பக்கம் ரொம்ப நேரம் பேசினார்கள். கடைசியில் இவன் சொன்னான்: "சரி சார். நர்ஸ் கவனக்குறைவுன்னே ரிப்போர்ட் போகட்டும்."

போகட்டுமாம்! யாருடா போறது?

கதவைத் தள்ளினேன். "என்ன மாப்பிள்ளை இது?"

"உயிரோட இருக்கியான்னு அந்த புரோக்கரைக் கேட்டுட்டேதான் இருந்தோம் மாமா. இருக்கேன் இருக்கேன்னு சொல்லிட்டே இருந்துச்சு. வாங்கினதைக் குடுத்தியான்னு கேட்கறது ஒரே ஒரு அலாரம். அதை நான் அமுக்கி வச்சிருந்தேன்."

"அப்ப அந்தப் பொண்ணு?"

திரையைப் பார்த்தான். பச்சை.

மார்ச் 3

மகள் வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். "சித்தப்பா திரும்பி வரப்போறதில்லப்பா. இவருக்கு வேலை போனா நாங்க என்ன பண்றது?"

"அந்த நர்சையும் ஒருத்தன் பெத்திருப்பான்ல?"

எழுந்து போய்விட்டாள். நான் பெற்ற பெண். அவள் சொல்வதிலும் ஒரு — இல்லை. இல்லவே இல்லை.

மார்ச் 9

விசாரணை. செத்தவனின் குடும்பம் என்று எங்களையும் கூப்பிட்டிருந்தார்கள். நீள மேசை, எலும்பைக் குடையும் ஏசி. அந்தப் பெண் சீருடை இல்லாமல் மூலை நாற்காலியில் இருந்தாள். நிர்வாகி தொண்டையைச் செருமிக்கொண்டார். "நர்ஸ் சரியா கவனிக்கல. வேலையிலேருந்து எடுத்துடறோம். குடும்பத்துக்குத் திருப்திதானே?"

"இல்ல," என்றேன். "என் மாப்பிள்ளையைக் கேளுங்க."

மகள் மேசைக்கு அடியில் என்னைக் கிள்ளினாள். ரத்தம் கட்டுகிற கிள்ளல்.

அவன் என்னைப் பார்த்தான். கையில் கத்தி இருந்தால் குத்தியிருப்பான். பார்க்கட்டும். நானும் இமைக்கவில்லை. பிறகு அந்தப் பெண் பக்கம் திரும்பினான்.

"அலாரத்தை அமுக்கினது நான் சார். எடுத்துவிட மறந்ததும் நான். அவங்க பார்த்த திரைக்கு எதுவுமே வந்து சேரல."

மார்ச் 10

அவனை வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள். அவளைத் திரும்பச் சேர்த்துக்கொண்டார்கள். வீட்டில் என்னோடு பேச்சு இல்லை. தட்டு மட்டும் மாடி ஏறி வருகிறது.

மார்ச் 28

மூன்று திரையும் கருப்பு.

ஏப்ரல் 16

நர்ஸ் போன் செய்தாள். "தாத்தா, உங்க மாப்பிள்ளைக்கு நான் தேங்க்ஸ் சொன்னேன்னு சொல்லுங்க."

"நீயே சொல்லும்மா. எங்களுக்குள்ள பேச்சுவார்த்தை கிடையாது."

மே 4

காய்ச்சல். "அப்பா, இருக்கீங்களா?" என்று மகள் கீழிருந்து கேட்பாள். "இருக்கேன்" என்பேன். அதோடு சரி. தட்டு தொடாமல் திரும்பிப் போய்க்கொண்டிருந்தது.

இன்று மருமகன் மாடியேறி வந்தான். நின்றபடியே கேட்டான்: "இருக்கீங்களான்னு நான் கேட்கப்போறதில்ல. நேத்து என்ன சாப்பிட்டீங்க?"

"அது உனக்கெதுக்கு?"

நாக்கு வழுக்கிவிட்டது. இத்தனை நாள் கட்டிக்காத்த மரியாதை!

"சொல்லுங்க மாமா. என்ன உள்ள போச்சு?"

ரொட்டியும் பாலும் கொண்டுவந்து, கடைசி வாய் வரை எதிரே உட்கார்ந்து பார்த்தான். திரையைப் பார்க்கிற மாதிரியே.

மே 20

வேறு எங்கோ சின்ன வேலையில் சேர்ந்திருக்கிறான். காலையில் கிளம்புமுன் மாடிக்கு வருகிறான். நான் அவனை மன்னிக்கவில்லை. அவனும் என்னை மன்னிக்கவில்லை. அந்த மட்டில் கணக்கு நேர்.

இன்று, "நீங்க கூடப்பிறந்தவங்க எத்தனை பேர் மாமா?" என்றான்.

"நாலு பேர். அக்கா, அந்த ரயில் பாலம் கட்டின வருஷம் அம்மையில போனா. அண்ணன், நூல் ஆலை எரிஞ்ச வருஷம், படியில விழுந்து. தம்பி — உன் பச்சை விளக்கு எரிஞ்சிட்டிருக்கும்போதே."

தலை குனிந்தான். ஆனால் எழுந்து போகவில்லை.

"மிச்சம்?"

"தெரியல? உன் எதிர்ல ரொட்டி தின்னுட்டு உக்காந்திருக்கேனே, நான்தான்."