அரைக்காதனின் பூர்வீகம்

கரமனையில் உன் காஸெட் கடை இருந்த இடத்தின் ஷட்டர்மேல் நேற்று ஒரு போஸ்டர் ஒட்டியிருந்தார்கள். பசை இன்னும் காயவில்லை. அந்த மைதா வாசனையில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டேன். நம் பழைய இங்கிலீஷ் படத்து அரைக்காதன்தான். அதே கோணல் சிரிப்பு. ஆனால் முகத்தில் சுருக்கம் இல்லை, காது இரண்டும் முழுசாக இருந்தன. அவன் கள்ளனாவதற்கு முன்னால் யாராக இருந்தான் என்று சொல்லும் படமாம். மத்தியானக் காட்சிக்கே போய்விட்டேன்.

மூன்று நிலா உள்ள ஏதோ ஒரு கிரகத்தில் மருந்து திருடி விற்கும் அந்த ஆளை எங்கள் தெருவுக்குக் கொண்டுவந்தவன் நீ. ஞாயிற்றுக்கிழமைகளில் கடை டிவியில் அந்தப் பழைய படத்தைப் போட்டு, இங்கிலீஷ் புரியாதவர்களுக்காகத் தமிழும் மலையாளமும் கலந்து நீயே வசனம் பேசுவாய். படத்தில் இல்லாத வசனங்கள்தான் அதிகம். அவன் காது எப்படிப் போயிற்று என்று கேட்டால் வாரத்துக்கு ஒரு பதில். பெண்டாட்டி கடித்தாள், பசிக்கு விற்றான், சீட்டாட்டத்தில் தோற்றான். உன் வலது கையில் முழங்கைவரை ஓடிய தழும்புக்கும் அப்படித்தான். கப்பல் என்ஜின் ரூம் என்பாய். அடுத்த வாரம் கோயில் வெடி என்பாய். அப்பா அம்மா இல்லாதவன் என்பதை மட்டும் மாற்றாமல் சொன்னாய். நான் நச்சரித்தால் சிரிப்பாய்: "சாமீ, ஒருத்தன் எங்கேருந்து வந்தான்னு அறிஞ்சா பின்னே அவன்ட்ட என்ன ரசம் உண்டு?"

அதோடு விட்டிருக்கலாம். ஆபீஸ்காரர்களோடு பொன்முடி மலைக்குப் போன அன்று வழியில் கல்லாறு என்ற ஊரில் டீ குடிக்க இறங்கினோம். கடைச் சுவரில் அரும்பு மீசையோடு உன் போட்டோ. மாலை இல்லை. டீ ஆற்றிக்கொண்டிருந்த அம்மாவிடம் கேட்டேன்.

"எம் மோன்தான். பதினேழு வயசுல போனான். பஸ் வந்தா இன்னும் எட்டிப் பாப்பேன்," என்றாள். பிறகு நான் கேட்காமலே சொன்னாள்: "கோபத்துல கொதிச்ச பாலை எடுத்து எறிஞ்சுபோட்டேன், மோனே. அவன் கையில பட்டுது."

அதைக் கேட்ட பிறகாவது எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும். தாயையும் பிள்ளையையும் சேர்த்துவைக்கும் புண்ணியவானாக என்னை நானே நினைத்துக்கொண்டு, அடுத்த ஞாயிற்றுக்கிழமை, கடை நிறைய ஆள் இருக்கும்போது அவளைக் கூட்டிவந்து நிறுத்தினேன். "யாரு வந்திருக்கா பாருடா!" என்று கூவினேன் வேறு.

நீ படத்தை நிறுத்தினாய். மடித்துவிட்டிருந்த சட்டைக் கையை இறக்கிப் பித்தான் போட்டுக்கொண்டாய். அவளுக்கு டீ வாங்கிக் கொடுத்து, பஸ் ஏற்றிவிட்டாய். திரும்பி வந்து, "இனி இந்தக் கடைப்பக்கம் வரவேண்டாம் சாமி," என்றாய். அந்த வாரமே கடையும் இல்லை, நீயும் இல்லை.

உன்னை மன்னித்துவிட்டேன் என்று எழுத நான் உட்காரவில்லை. பெற்றவளை இத்தனை வருஷம் பஸ்ஸைப் பார்க்கவைத்த கல்நெஞ்சுக்காரன் நீ. நான் மன்னிப்புக் கேட்கவும் இடம் வைக்காமல் போனாய். நாலு வருஷம் கழித்து மங்களூரில் ஒரு லாட்ஜிலிருந்து போன் வந்தது. மஞ்சள் காமாலை. உன் பர்ஸில் இருந்தது என் வீட்டு நம்பர் ஒன்றுதானாம். வரவேண்டாம் என்று சொன்னவன் அதை எதற்கடா வைத்திருந்தாய்? கொள்ளி வைத்தது நான். ஆஸ்பத்திரிக் காகிதத்தில் உறவு என்ற இடத்தில் 'தம்பி' என்று எழுதினேன்.

நேற்றுப் படத்தில் அந்தக் காதுக்குக் காரணம் சொல்லிவிட்டார்கள். வாலிப வயதில் குடிகார அப்பன் கதவை அறைந்து சாத்தியதில் நசுங்கிப் போனதாம். எனக்குப் பின்வரிசையில் ஒருத்தி "பாவம்!" என்றாள். அரைக்காதனை இதுவரை யாரும் பாவம் என்று சொன்னதில்லை. அன்று உன் அம்மாவைக் கண்டதும் கடையில் இருந்தவர்களும் உன்னை அப்படித்தான் பார்த்தார்கள். எனக்கு அது நேற்றுத்தான் உறைத்தது. இடைவேளையில் எழுந்து வந்துவிட்டேன்.

உன்னை எரித்துவிட்டு மங்களூரிலிருந்து நேராகக் கல்லாற்றுக்குத்தான் போனேன், சொல்லிவிடலாம் என்று. நான் வாயைத் திறக்குமுன் அவள் கேட்டாள்: "மோனுக்கு சுகந்தானே?"

"கப்பல்ல வேலை கிடைச்சுப் போயிருக்கான்," என்று வந்துவிட்டது. உன் பொய்தான். அன்றிலிருந்து மாதம் ஒரு தடவை போகிறேன். துறைமுகம் துறைமுகமாக உன்னை ஓட்டிக்கொண்டிருக்கிறேன். உண்மையைச் சொல்லி உன்னைத் துரத்தியவனுக்குப் பொய்யே பிழைப்பாகிவிட்டது. எப்போது வருவான் என்று அவள் கேட்பதே இல்லை. போன மாதம், டம்ளரைக் கழுவிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் கேட்டாள்: "அந்தக் கையில பால் பட்டுப் பொள்ளின தழும்பு இப்பவும் உண்டோ?"

"மறைஞ்சுடுத்தும்மா," என்றேன். "பார்த்தாத் தெரியறதே இல்லை."