புள்ளியில்லாத பந்து

ஜூலை 14, செவ்வாய்க்கிழமை

என் செல்ல மாரிட்டுக்கு அம்மா எழுதறது. மீன் கணக்கெடுக்கப் போன அந்த ஆத்தங்கரைக் கூடாரத்துல கரடி கண்ணுல படாம, கொசு தின்னது போக மிச்சமாவது நீ நல்லபடியா இருப்பேன்னு நம்பறேன். இங்க நானும் அப்பாவும் சௌக்கியம், நாயும் சௌக்கியம், சோளம் என் இடுப்பு வரைக்கும் வளந்தாச்சு, போன வாரம் ஆலங்கட்டி மழை பக்கத்து ஊரோட போயிடுச்சு. எழுத்து ஏன் கோணல்மாணலா இருக்குன்னு பதறாதே. வலது கட்டைவிரல் வீங்கி உருளைக்கிழங்கு மாதிரி இருக்கு, அவ்வளவுதான், எலும்பு உடையலைன்னு டாக்டர் சொல்லிட்டார். எப்படி வீங்கிச்சுன்னு சொல்லத்தான் இந்தக் கடிதமே, ஆனா அதை முதல்ல சொல்லிட்டா நீ மீதியைப் படிக்கமாட்டே, மீனை எண்ணப் போயிடுவே.

கிறிஸ்துமஸுக்கு நீ அப்பாவுக்கு அனுப்பினியே அந்தப் பேஸ்பால் பயிற்சிப் பந்து, மெதுப் பந்து போட எந்த விரலை எங்க வைக்கணும்னு சிவப்புப் புள்ளி போட்டது, அதால இந்த வீடு பட்ட பாட்டைக் கேளு. தோள்பட்டை ஆபரேஷனுக்கு அப்புறம் அவர் பந்துல பழைய வேகம் இல்லைன்னு உனக்கே தெரியும். போன வருஷம் பூரா ஊர் ஊரா அடிச்சு நொறுக்கினாங்க. மார்ச்சுல நம்ம ஊர் டீம் மேனேஜர் வெர்ன் வீட்டுக்கே வந்து, காப்பியை ஆறவிட்டுக்கிட்டு, ஆர்லன், உனக்கு அம்பத்தேழு ஆச்சு, வேகப் பந்து ஒண்ணை மட்டும் வச்சுக்கிட்டு இனிமே காலம் தள்ள முடியாது, ஜூலைல வெஸ்ட் ப்ரேரி ஊர் டீமோட நடக்கற மேட்சுல உனக்கு ஒரு சான்ஸ் தர்றேன், ஆறு இன்னிங்ஸ் முழுசாப் போட்டா இந்த சீசன் முழுக்க நீதான் பந்து போடற பிட்சர், இல்லைன்னா பத்தொன்பதாம் நம்பர் சட்டையைக் குடுத்துட்டு டிக்கெட் மேஜையில உக்காருன்னு சொல்லிட்டார். அப்பா சரின்னு தலையாட்டினார், வெர்ன் போனதும் அந்தச் சட்டையை பீரோவிலேருந்து எடுத்து மடியில வச்சுக்கிட்டு ரொம்ப நேரம் உக்காந்திருந்தார். எனக்குத் தாங்கலை, மாரிட். அதனாலதான் பந்து பிடிக்க நீ போட்டுக்கற பழைய கேட்சர் கிளவுஸை நான் மாட்டிக்கிட்டேன். உங்க அப்பா டிக்கெட் மேஜையில உக்காந்து சில்லறை குடுக்கறதைப் பாக்கறதுக்கு நான் பந்தடி வாங்கிக்கலாம்.

ஷெட்ல டிராக்டரை வெளிய நிறுத்திட்டு, சுவரோரமா பக்கெட்டைக் கவுத்துப்போட்டு நான் உக்காருவேன், அவர் அந்தப் பக்கத்திலேருந்து போடுவார். வெளிய பனி, உள்ள எங்க ரெண்டு பேர் மூச்சும் புகையா வரும். சேஞ்சப்பு, அதான் அந்த மெதுப் பந்து, போடறது சும்மா இல்லைன்னு அப்பத்தான் தெரிஞ்சுக்கிட்டேன். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் பந்துக்குப் பக்கவாட்டுல வளையம் மாதிரி சேரணும், மத்த மூணு விரலும் மேல, பந்து உள்ளங்கையில ஆழமா உக்காரணும், கையை வீசற வேகம் கொஞ்சமும் குறையக் கூடாது, பந்து மட்டும் சோம்பேறியா வரணும். அவருக்கு முதல்ல கையும் சேந்து சோம்பேறியாச்சு. அதைச் சரிபண்ணினா பந்து உரமூட்டைக்குப் போச்சு. ஒரு நாள் என் பெயிண்ட் டப்பா ரெண்டு காலி. ஆனா மனுஷன் விடலை, சாப்பிடும்போதுகூட இடது கையில முள்கரண்டி, வலது கையில சிவப்புப் புள்ளிப் பந்து. ஏப்ரல் கடைசியில சாதாரணப் பந்துலயே அது விழ ஆரம்பிச்சுடுச்சு, நானும் ஒண்ணுவிடாமப் பிடிச்சேன். எது வேகமா வரும், எது மெதுவா வரும்னு எனக்கு முன்கூட்டியே தெரிஞ்சுடும். எனக்கு இப்படி ஒரு திறமை இருக்குன்னு எனக்கே தெரியலையேன்னு சர்ச்சுல எல்லார்கிட்டயும் பீத்திக்கிட்டேன், அதுக்குத்தான் அனுபவிச்சேன்.

போன ஞாயிறு மேட்ச். ஊரே வந்திருந்தது. நானும் லவோனும் வழக்கமான இடத்துல, அவ புளிப்பு ருபார்ப் தண்டு போட்ட கேக் கொண்டுவந்தா, சர்க்கரை கம்மி, வழக்கம்போல. முதல் ரெண்டு இன்னிங்ஸ் அப்பா ராஜா மாதிரி போட்டார். வெஸ்ட் ப்ரேரிக்காரங்க பந்து வர்றதுக்கு முன்னாடியே மட்டையைச் சுத்திட்டு அசடு வழிஞ்சாங்க. மூணாவதுல என்னமோ ஆச்சு. அவங்க கோச் ஓரமா நின்னுக்கிட்டு ஒரு விசில் அடிப்பான், உடனே பேட்டர் காத்திருந்து மெதுப் பந்தை வாரி அடிப்பான். மூணு ரன் போச்சு. வெர்ன் எழுந்து நின்னுட்டார், அடுத்த பிட்சரைத் தயாராகச் சொல்லிட்டார். பழக்க தோஷத்துல என் வாய் பாட்டுக்கு இப்ப மெதுப் பந்து, இப்ப வேகம்னு முணுமுணுத்துக்கிட்டே இருக்கு. லவோன் கேக்கைக் கீழ வச்சுட்டு என்னைத் திரும்பிப் பாத்தா. "ஏண்டி பெவ், அவர் போடறதுக்கு முன்னாடியே உனக்கு எப்படிடி தெரியுது?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. அப்பத்தான் நிஜமாவே பாத்தேன். மெதுப் பந்து போடணும்னா உங்க அப்பா பந்தை மறைச்சு வச்சிருக்கற கிளவுஸுக்குள்ள குனிஞ்சு பாக்கறார், சிவப்புப் புள்ளியைத் தேடறார்! மேட்ச் பந்துல ஏது புள்ளி? மாசக்கணக்கா அதைப் பாத்துப் பாத்து விரல் வச்ச கண்ணு, தன்னால போகுது. வேகப் பந்துக்குக் கண்ணு உள்ள போறதே இல்லை. ஷெட்ல நான் பந்தைப் படிக்கவே இல்லை கண்ணு, அவர் முகத்தைப் படிச்சிருக்கேன். என் திறமைன்னு பீத்திக்கிட்டதை அந்த விசிலடிக்கிறவன் ரெண்டே இன்னிங்ஸ்ல கண்டுபிடிச்சுட்டான். ஷெட்லயே நான் அதைக் கவனிச்சு அவர்கிட்ட சொல்லியிருந்தா இந்தக் கதி வருமா? எனக்கு அழுகையே வந்துடுச்சு.

மேட்ச் நடுவுல பிட்சர்கிட்ட வீட்டுக்காரி போய்ப் பேசக்கூடாதுன்னு இங்க ஒரு கட்டுப்பாடு, பேசினா தோல்விதான்னு சொல்வாங்க, உனக்குத் தெரியாததா. முப்பத்திநாலு வருஷத்துல ஒரு நாளும் நான் மீறினதில்லை. அன்னிக்கு இன்னிங்ஸ் முடிஞ்சதும் பெஞ்சுக்குப் பின்னாடி போய் வேலிக்கம்பியைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன். அத்தனை பேரும் என்னை ஏதோ பேயைப் பாத்த மாதிரி பாத்தாங்க, வெர்ன் தொப்பியைக் கழட்டித் தொடையில அடிச்சார். நான் கண்டுக்கலை. மெதுப் பந்துக்கு முன்னாடி ஒவ்வொரு தடவையும் கிளவுஸுக்குள்ள குனிஞ்சு பாக்கறீங்கன்னு சொன்னேன். அவர் கிளவுஸைப் பிரிச்சு உள்ள பாத்தார்.

"அதுல புள்ளி ஒண்ணும் இல்லையே பெவ்" அப்படின்னார்.

"இல்லைன்னு எனக்குத் தெரியுது, உங்க கண்ணுக்குத் தெரியலையே."

அவ்வளவுதான் பேசினோம். இந்தக் கண்ணை இப்பப் போய் மாத்த முடியாதேன்னு நான் தவிச்சுக்கிட்டு என் இடத்துக்கு வந்தேன். நாலாவது இன்னிங்ஸ் ஆரம்பிச்சது. அப்பா குனிஞ்சு கிளவுஸுக்குள்ள பாத்தார். விசில் வந்தது. பேட்டர் ஆற அமரக் காத்திருந்தான், பந்து விர்ருன்னு அவனைத் தாண்டிப் போச்சு. அடுத்த பந்துக்கும் குனிஞ்சு பாத்தார், அதுக்கு அடுத்ததுக்கும் பாத்தார். வேகமோ மெதுவோ, எல்லாத்துக்கும் தொலைச்ச சாவியைத் தேடற மாதிரி ஒரே பார்வை. கோச் மூணு தடவை விசிலடிச்சு மூணும் தப்பாப் போச்சு. கடைசியில அவங்க பேட்டரே திரும்பி, இன்னொரு தடவை விசிலடிச்சே, இந்த மட்டையால உன்னைத்தான் அடிப்பேன்னு கத்தினான். எங்க பக்கம் ஒரே சிரிப்பு. லவோன் என் முதுகுல அடிச்ச அடியில வாயில இருந்த கேக் வெளிய வந்துடுச்சு. நாலு, அஞ்சு, ஆறு, ஒரு ரன்கூடக் கிடையாது. மேட்ச்சை என்னமோ மூணுக்கு ரெண்டுன்னு தோத்துட்டோம், நான் வேலிகிட்ட போனதாலதான்னு ரெண்டு பேர் இன்னும் என்கிட்ட பேசறதில்லை, போகட்டும்.

முடிஞ்சதும் வெர்ன் நேரா வந்து கையை நீட்டினார். தோத்தோமேங்கற நெனப்புல உங்க அப்பா ஆறு இன்னிங்ஸ் கணக்கையே மறந்துட்டார், சட்டையைத்தான் கேக்கறார்னு பட்டனைக் கழட்ட ஆரம்பிச்சுட்டார். "என்னய்யா பண்றே, கை குடுக்க வந்தேன்யா" அப்படின்னார் வெர்ன். வீட்டுக்கு வர்ற வழியில வண்டியை ஓரமா நிறுத்திட்டு அவர் கொஞ்ச நேரம் அழுதார். நானும் அழுதேன். உனக்கு மட்டும்தான் சொல்றேன், வெளிய சொல்லாதே.

இப்ப விரல் கதை. நேத்து சாயங்காலம் ஷெட்டுக்கு வான்னு கூப்பிட்டார். பக்கெட்ல உக்காந்தேன். கிளவுஸுக்குள்ள குனிஞ்சு பாத்தார், சரி, மெதுப் பந்துதான்னு நான் நிதானமா வெறுங்கையை முன்னாடி கொண்டுபோனேன். அந்தக் கையை முதுகுக்குப் பின்னாடி வச்சுக்கம்மான்னு நீ எத்தனை தடவை சொல்லியிருப்பே! வந்தது வேகப் பந்து. அவர் முகம் வெளுத்து ஓடிவர்றார், நான் பக்கெட்டிலேருந்து கீழ உக்காந்து சிரிக்கிறேன், வலியில கண்ணுல தண்ணி வேற. முப்பத்திநாலு வருஷமா அந்த மனுஷன் எனக்கு என்ன பிறந்தநாள் பரிசு வாங்கியிருக்கார்னு வாசல்ல நுழையறப்பவே சொல்லிடுவேன். தோள் வலிக்கலைம்பார், பொய்யின்னு தெரியும். நீ ஊருக்குக் கிளம்பின அன்னிக்கு, எனக்கு ஒண்ணுமில்லைன்னு சொல்லிட்டு ஷெட்டுக்குப் போனார், அதுவும் தெரியும். என்கிட்ட எதையுமே மறைக்கத் தெரியாத மனுஷன், மாரிட், நேத்துதான் முதல் தடவையா ஜெயிச்சார்.

உடம்பைப் பாத்துக்கோ, ஈரச் சாக்ஸோட தூங்காதே, சாப்பாட்டைக் கூடாரத்துக்குள்ள வைக்காதே. நீ நூறு வருஷம் நல்லா இருக்கணும், உனக்கு ஒரு குறையும் வரக்கூடாது. செப்டம்பர்ல வர்றேன்னு சொன்ன தேதியை மாத்திடாதே, பக்கெட் உனக்காகக் காலியா இருக்கு. அப்பா முன்னாடி உக்காரும்போது மறக்காம முகமூடி போட்டுக்கோ, அவர் முகத்தை மட்டும் நம்பிடாதே.

வீங்கின விரலும் நிறைஞ்ச மனசுமா,
உன் அம்மா
பெவர்லி