குழாய்த் தண்ணீரின் மேல் நான் செய்த சத்தியம்

வெகுதானிய வருஷம், ஆடி மாதம், வெள்ளிக்கிழமை இரவு.

ஈரேழு உலகத்துக்கும் பொய்ச் சக்கரவர்த்தியான எனக்கு இன்று எழுத உண்மை மட்டுமே இருக்கிறது.

போன மாதம் சேலத்திலிருந்து எங்கள் தெருவுக்குக் குடிதண்ணீர்க் குழாய் வந்தது. பதிக்கும் முன் நல்ல தண்ணீர்க் குழாயையும் சாக்கடைக் குழாயையும் ஒரே குவியலாகப் போட்டிருந்தார்கள். நான் சும்மா இருப்பேனா? "சேலத்துச் சனம் எருமை கழுவுன தண்ணிதான் இங்க வருது" என்று மாரியம்மன் கோயிலில் கற்பூரம் அணைத்துச் சத்தியமே செய்துவிட்டேன். சிரிப்பார்கள் என்று நினைத்தேன். நம்பிவிட்டார்கள். தெருவே பழையபடி கிணற்றுக்குப் போனது.

இன்று அக்காள் மகள் பாவாயிக்கு வாந்திபேதி. கிணற்றுத் தண்ணீரால் வந்தது என்றார் டாக்டர். குழாய்த் தண்ணீரைக் காய்ச்சி, உப்புப் போட்டு, விடாமல் கொடுக்கச் சொன்னார். ஊற்றினால் துப்புகிறாள்.

"நான் சொன்னது பொய், சாமி" என்று பாவாயியிடம் கெஞ்சினேன்.

"இப்பச் சொல்றதுதான் பொய் மாமா. அன்னைக்குக் கற்பூரம் அணைச்சீங்கல்ல."

அவள் கண்ணெதிரே ஒரு செம்பு நிறையக் குடித்துக் காட்டினேன். என் முகத்தையே பார்த்துக்கொண்டு கிடந்தாள்.

"விடியறவரைக்கும் உங்களுக்கு ஒண்ணும் ஆகலீன்னா நானும் குடிக்கறனுங்க."

கட்டிலருகே லாந்தரோடு உட்கார்ந்திருக்கிறேன். எனக்கு ஓர் ஏப்பம்கூட வரவில்லை. அவள் விரல் நுனிகள் இப்போதே நீர் வற்றிச் சுருங்கிவிட்டன. விடிவதற்கு இன்னும் ஆறு மணி நேரம் இருக்கிறது.