சட்டைப்பையில் இருந்த வளையம்

சின்னக்குட்டி,

இதை நீ படிக்கும்போது உனக்கு முப்பது வயதாகியிருக்கும். அங்கே குளிர் அதிகமா? உன் அறையை அப்படியே வைத்திருக்கிறோம்.

நீ புறப்பட்ட அன்று, விண்கப்பலின் வெளிக்கதவு வால்வுக்கு ரப்பர் வளையம் மாற்றப் போனேன். "போட்டோ எடுக்கணும், சீக்கிரம் வாங்கப்பா!" என்று கூப்பிட்டாய். புது வளையத்தைப் பையில் போட்டுக்கொண்டு ஓடி வந்தேன். அப்புறம் மாற்றிவிட்டதாகவே நினைத்துச் சோதனைத் தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டேன். அந்தப் போட்டோவில்கூட என் பை உப்பியிருக்கிறது.

இன்று சட்டை துவைக்கும்போது அம்மா அதை எடுத்துக் காட்டினாள். "என்னங்க இது, குழாய் வாஷரா?" ஆமாம் என்றேன்.

மேலதிகாரியிடம் ஓடினேன். "ஒளியையே முந்துற கப்பல்யா அது! நீ எழுதறது ரேடியோவில போய்ச் சேரவே நாலு வருஷம் ஆகும். துரத்த இன்னொரு கப்பலும் கட்டலையே," என்று தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்.

நாளை நீங்கள் அந்தக் கிரகத்தில் இறங்குவீர்கள். பழைய வளையம் ஒருமுறை திறந்து மூடத் தாங்கும். இரண்டாம் முறை திறந்தால் உள்ளே இருக்கும் காற்றெல்லாம் போய்விடும்; அந்தக் கதவைத் தொடாதே, கண்ணே. தொடாதே.

இதைப் படிப்பது நீதான் என்றால், வாய்க்கு வந்தபடி என்னைத் திட்டி எழுது. அது வந்து சேர இன்னும் நாலு வருஷம். எட்டு வருஷமும் அந்தத் திட்டுக்காகத்தான் உயிரோடு இருப்பேன்.

உன் அப்பா