கெடா வரை போகாத வண்டி

2 மார்ச் 1958, ஞாயிறு. காஜா பேராங்

வண்டிக்கு இன்று பச்சைச் சாயம் அடித்தாயிற்று. பட்டாளத்தார் ஏலத்தில் விட்ட பழைய ஆம்புலன்ஸ். இவர் பட்டறையில் வைத்து ஒரு வருடமாகத் தட்டிக்கொட்டி, உள்ளே கட்டில், மண்ணெண்ணெய் அடுப்பு, தண்ணீர்த் தொட்டி எல்லாம் பொருத்திவிட்டார். எதிர்வீட்டு அஞ்சலை எட்டிப் பார்த்துவிட்டு, "ஜெயபாலன் அண்ணன் வீட்டுக்கே சக்கரம் வெச்சுட்டாரு, இனிமே வாடகை மிச்சம்" என்கிறாள்.

வடக்கே கெடா வரை போகிறோம். அங்கே மலையடியில் பழங்காலத்துக் கோயில்களை மண்ணுக்குள்ளிருந்து தோண்டி எடுத்திருக்கிறார்களாம். போகிற வழியில் கேமரன் மலை, ஈப்போ, தைப்பிங். "மெர்டேக்கா வாங்கிச் சுதந்திர நாடாயாச்சு, நம்ம நாட்ட நாமே பாக்கலன்னா எப்படி?" என்கிறார் யூனுஸ் பாய். பண்டார் ஹிலிரில் துணிக்கடை வைத்திருப்பவர். இவருக்கு இருக்கும் ஒரே கூட்டாளி. அவரும் வருகிறார்.

எனக்கு ஊர் பார்க்கும் ஆசை ஒன்றும் இல்லை. யுத்தத்தில் ஜப்பான்காரன் பட்டினி போட்டு வேலை வாங்கிய சயாம் ரயில் பாதையிலிருந்து இவர் உயிரோடு திரும்பிப் பன்னிரண்டு வருடத்துக்கு மேலாகிறது. இன்னமும் ராத்திரி அரிசி டின்னைத் திறந்து, முழங்கை வரை கையை விட்டுத் துழாவினால்தான் படுக்கிறார். படுத்தாலும் தூக்கமில்லை. பேச்சும் இல்லை. நான் ஒரு ஆளோடு குடித்தனம் பண்ணுகிறேனா, டின்னுக்குக் காவல் இருக்கிறேனா? சிரம்பானிலிருந்து அண்ணன் வந்துவிடச் சொல்லி எழுதிக்கொண்டே இருக்கிறார். இந்தப் பயணத்தில் இவர் மனுஷனாகத் திரும்பினால் சரி. இல்லையென்றால் அண்ணன் வீட்டோடு போய்விடுவேன். இவரிடம் சொல்லவில்லை.

9 மார்ச். பெங்காலான் கெம்பாஸ்

முதல் நாள். ஆற்றோரம் ஒரு பெரியவர் சமாதி, பக்கத்தில் ஆளுயரக் கற்கள். ஒரு கல்லில் ஓட்டை இருக்கிறது. பொய் பேசுகிறவன் கையை விட்டால் கல் பிடித்துக்கொள்ளுமாம். யூனுஸ் பாய் விட்டார், எடுத்தார். "ஜவுளிக்கடைக்காரன் கையையே விட்டுட்டுச்சே. கல்லுக்கு வயசாயிடுச்சு தங்கச்சி." நானும் விட்டேன். அண்ணன் வீட்டு நினைப்பு வந்து உள்ளூரப் பயம்தான். கல் ஒன்றும் செய்யவில்லை.

இவரைக் கூப்பிட்டோம். கையெல்லாம் கிரீஸ் என்று வண்டிக்குள் போய்விட்டார்.

12 மார்ச். பீடோர்

யூனுஸ் பாய் காலையிலேயே சொல்லிவிட்டார். "இதுக்கு மேல கறுப்புப் பகுதி. வண்டியில ஒரு மணி அரிசி இருக்கப்படாது. காட்டுல ஒளிஞ்சிருக்கிற கம்யூனிஸ்டுக்காரனுக்குக் கொண்டு போறோம்னு புடிச்சு உள்ள வெச்சுருவான்." அங்கெல்லாம் சோறுகூட ஒரே இடத்தில் பொங்கி அளந்துதான் கொடுக்கிறார்களாம். என்னிடமிருந்த அரிசி, சீனி, மீன் டின் எல்லாவற்றையும் காப்பிக்கடைச் சீனத்தியிடம் தூக்கிக் கொடுத்தேன். இவர் முகம் பேயறைந்த மாதிரி ஆகிவிட்டது.

"மேல சாப்பாடு கெடைக்குமா?"

"கடை இருக்குங்க."

"கெடைக்கலன்னா?"

திரும்பத் திரும்ப அதே கேள்வி. கத்திவிட்டேன். கத்தியிருக்க வேண்டாம்.

14 மார்ச். கேமரன் மலை

மழையில் ஏறினோம். சோதனைச் சாவடியில் சிப்பாய் நனைய மனமில்லாமல் கையைக் காட்டி அனுப்பிவிட்டான்.

நேற்று இவர் தூங்கினார். குறட்டை விட்டு, விடிகிறவரை! யூனுஸ் பாய் வெளியே கூடாரத்திலிருந்து, "என்ன தங்கச்சி, எஞ்சின் ஓடுதா?" என்று கேட்டார்.

காலையில் தேயிலைச் சரிவைப் பார்த்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். கீழே பள்ளத்தாக்கு முழுக்கப் பனி. அவராகவே பேசினார். "அங்கயும் இப்படித்தான் பனி இருக்கும். காலையில எழுப்புனா பாதிப் பேரு எந்திரிக்க மாட்டான்." கல்யாணமான நாளிலிருந்து சயாமைப் பற்றி அவர் வாயிலிருந்து வந்த முதல் பேச்சு. கையைப் பிடித்துக்கொண்டேன். உதறவில்லை.

15 மார்ச்

இன்றும் தூங்கினார். மாரியம்மாளுக்கு நேர்ந்துகொண்டேன்.

22 மார்ச். ஈப்போ. யூனுஸ் பாயின் சொந்தக்காரர் வீடு

எழுதித்தான் ஆகவேண்டும்.

மலையிலிருந்து இறங்கும்போது சாவடியில் நன்றாகத் தேடினார்கள். பெட்டி, அடுப்பு, தொட்டி எல்லாவற்றையும் கவிழ்த்தார்கள். ஒன்றுமில்லை என்று நான் தைரியமாக நின்றேன். ஒரு சிப்பாய் கட்டிலில் கிடந்த இவர் தலையணையை இரும்புக் கம்பியால் குத்தினான். அரிசி கொட்டியது. பீடோரில் எனக்குத் தெரியாமல் அரிசி வாங்கி, பஞ்சை எடுத்துவிட்டு உறை முழுக்க அரிசி வைத்துத் தைத்திருக்கிறார். மேலே ஒரு துண்டைச் சுற்றி, அதன்மேல்தான் இத்தனை நாளும் தலை வைத்துப் படுத்திருக்கிறார். அதனால்தான் தூக்கம். நான் மலைக்கும் மாரியம்மாளுக்கும் நன்றி சொல்லிக்கொண்டிருந்தேன்.

இன்ஸ்பெக்டர் மலாயில் யாருடையது என்று கேட்டார். சாவடியைச் சுற்றி முள்கம்பி, துப்பாக்கி. ஓரமாக நாலைந்து பேரைக் குந்த வைத்திருந்தார்கள். இவர் அந்தக் கம்பியைப் பார்த்தார். கால் உதறியது.

"பினி பூஞா, துவான்" என்றார். பெண்டாட்டியுடையது என்று.

என்னைப் பார்க்கவில்லை. யூனுஸ் பாய், "டேய் பாலா" என்று வாயெடுத்தார். நான் ஆமாம் என்றேன். ஏன் சொன்னேன்? இரக்கமா, வீறாப்பா? தெரியவில்லை. என்னை மட்டும் லாக்கப்பில் வைத்தார்கள். தரையில் உட்கார்ந்து யோசித்தபோது கோபம்கூட வரவில்லை. எல்லாம் முடிந்தது, இனி அண்ணன் வீடுதான் என்றிருந்தது.

நேற்று காலை அவர் ஸ்டேஷனுக்கு நடந்தே வந்தாராம். யாரும் கூட்டிவரவில்லை. அரிசி என்னுடையது, நான் தைத்தது, ஊசி என் சட்டைப்பையில் இருக்கிறது என்று எடுத்து மேசைமேல் வைத்தாராம். நான் வெளியே வரும்போது அவரை உள்ளே கூட்டிப்போனார்கள். வாசலில் நின்று, "நீ சாப்பிட்டியா?" என்று கேட்டார். அங்கேயே ஓவென்று அழுதுவிட்டேன்.

10 ஏப்ரல். ஈப்போ

இவருக்கு ஒரு வருடம் ஜெயில். வண்டியும் பறிமுதல். வக்கீல் ராஜரத்தினம் அப்பீல் செய்யலாம், சயாம் போனவர் என்று சொன்னால் இரக்கம் காட்டுவார்கள் என்கிறார். செலவை யூனுஸ் பாய் பார்த்துக்கொள்கிறாராம்.

அண்ணனுக்கு எழுதிப் போட்டேன், வரமாட்டேன் என்று. முள்கம்பியைப் பார்த்தால் உடம்பு உதறுகிற மனுஷன் எனக்காகத் தானே அதற்குள் நடந்து போயிருக்கிறார். அவரை விட்டுவிட்டு எங்கே போவது?

3 மே. காஜா பேராங்

வீடு வெறிச்சென்று கிடக்கிறது. அவர் வந்தால் படுக்கப் புதிதாக இலவம் பஞ்சு வாங்கித் தலையணை தைத்தேன்.

8 ஜூன்

யூனுஸ் பாய் காரில் தைப்பிங் போய்வந்தேன். மலையும் ஏரியுமாக அழகான ஊர். பார்க்க வேண்டும் என்று கிளம்பிய ஊர்தான். சிறைச்சாலை அங்கே இருக்கிறது. உள்ளே என்னை மட்டும்தான் விட்டார்கள்.

இவருக்குக் கன்னத்தில் சதை போட்டிருக்கிறது. கம்பிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து சிரித்தார். இவர் சிரித்து நான் பார்த்ததில்லை. ராத்திரி நன்றாகத் தூங்குகிறாராம். "மணி அடிச்சா சோறு வந்துருது, கோகிலா. ஒரு நாளும் தப்புறதில்ல." அப்பீலைப் பற்றிச் சொன்னேன். வேண்டாம் என்றார். வீட்டைப் பற்றிக் கேட்கவில்லை, பட்டறையைப் பற்றிக் கேட்கவில்லை. என்னை எப்படி இருக்கிறாய் என்றாவது கேட்பார் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன்.

வார்டர் நேரமாகிவிட்டது என்றதும் கம்பியோரம் குனிந்தார்.

"ஒழுங்கா இருந்தா முன்னாடியே விட்டுருவாங்களாம். அப்படி விடாம இருக்கணும்னா என்ன பண்ணணும்னு யூனுஸ்கிட்ட கேட்டுச் சொல்லு."

கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.

திரும்பி வரும் வழியெல்லாம் யூனுஸ் பாய் அப்பீலைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தார். கம்பார் தாண்டியதும் அவரிடம் கேட்டேன், இவர் சொன்னபடியே. காரை ஓரமாக நிறுத்திவிட்டு ஸ்டியரிங்கில் முகத்தை வைத்து அழுதார். எனக்கு அழுகை வரவில்லை. வருவார், வருவார் என்று நான் ஒருத்திதான் காத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.