மேலிருந்து வரும் கை

மார்ச் 4

அண்ணன் இன்றும் சீமாட்டியைத் துரத்திப் பிடித்தான். இதை எழுதும்போதே பல்லைக் கடிக்கிறேன்.

வீட்டில் இருப்பது இந்த ஒரு கோழி. உள்ளங்காலில் சீழ் கட்டியிருக்கிறது. கால்நடை மருத்துவர் கட்டுப் போட்டு அனுப்பினார். அடுத்த வாரத்திலிருந்து தினமும் நாங்களே கழுவி மருந்து வைக்க வேண்டும். “துரத்திப் பிடிக்காதீங்கம்மா. ஓட ஓடப் புண்ணு உள்ள போகும். எலும்பைத் தொட்டுட்டா ஒண்ணும் பண்ண முடியாது. அதுவா கைக்கு வரணும், அதுக்குள்ள பழக்கிடுங்க.” அண்ணனிடம் வார்த்தை மாறாமல் ஒப்பித்தேன். கோழிக்கு எதற்கு இந்தத் தாஜா என்றான். சாயங்காலம் கொல்லை முழுக்க விரட்டி, மேலிருந்து பாய்ந்து அமுக்கிக் கூண்டில் அடைத்தான். பருந்துக்கும் இவனுக்கும் என்ன வித்தியாசம்? பருந்து தையற்கடை வைத்திருக்கவில்லை.

மார்ச் 6

நகராட்சிக் கூட்டத்துச் செய்தியைப் பத்திரிகைக்கு அனுப்பிவிட்டு வந்து, கொல்லைத் தரையில் உட்கார்ந்தேன். பேச விரும்பாதவர்களிடம் நான் செய்வதும் இதுதான். பக்கத்தில் இருப்பது, முகத்தைப் பார்க்காமலிருப்பது. உள்ளங்கையில் வெந்த சோளம். வெயில் சுவரேறிய பிறகு வந்தாள். ஒன்றைக் கொத்திக்கொண்டு போனாள்.

மார்ச் 9

மார்பைத் தடவ விட்டாள். கண்ணைக்கூட மூடினாள்!

மார்ச் 10

நான் அலுவலகத்தில் இருந்தபோது அண்ணன் மறுபடி அமுக்கியிருக்கிறான். மழை வரும்போல் இருந்ததாம். “நனையட்டும்னு விடச் சொல்றியா?” என்கிறான். கட்டு அவிழ்ந்து, புண் கிழிந்து ரத்தம். ஒரு வாரம் பொத்திப் பொத்தி வளர்த்ததை ஒரு நிமிஷத்துல— என்ன மனுஷன் இவன்?

மார்ச் 11

இன்று மருந்து வைத்தே ஆக வேண்டும். சோளம் தின்ன வந்தவளை லபக்கென்று பிடித்தேன். வைத்துவிட்டேன். சாயங்காலம் கையை நீட்டினால் சுவரோடு ஒட்டிக்கொண்டு நிற்கிறாள். அண்ணன் கையாவது வெறுங்கையாக வரும். என்னுடையது தீனியைக் காட்டிப் பிடித்த கை. அவன்மேல் இருந்த ஆத்திரத்தில் நானும்— சீ.

மார்ச் 12

சாப்பாட்டு நேரத்தில் சண்டை. நான் சொன்னதை எல்லாம் எழுதப்போவதில்லை. “கொல்றதுன்னா ஒரேயடியாக் கொன்னுடு” என்றது மட்டும் காதிலேயே நிற்கிறது. அண்ணன் பாதித் தட்டில் எழுந்து போனான்.

அண்ணி பாத்திரம் கழுவிக்கொண்டே, திரும்பாமல் சொன்னாள்: “அவருக்கு முட்டி மடங்கி எத்தனை மாசமாச்சு? தைக்கிறதையே விட்டாச்சு, நின்னுகிட்டு துணி வெட்டுறதோட சரி. உட்கார்ந்து எப்படிப் பிடிப்பாரு? ஊர்ல எல்லாரையும் கேள்வி கேக்குற. ஒரே வீட்டுல இருக்கிறவரை ஒரு வார்த்தை கேட்டியா?”

அதற்காக அமுக்கலாமா? கூடாது. கோபம் தீரவில்லை. ஆனால் எதிர்த்தரப்பைக் கேட்காமல் எழுதிக்கொண்டு வரும் நிருபர்களைத் திருப்பி அனுப்புகிறவள் நான்.

மார்ச் 14

அவனோடு பேச்சில்லை. சீமாட்டி நொண்டுகிறாள், கிட்டே விடவில்லை. கடைக்கதவு பகலிலேயே சாத்திக் கிடக்கிறது. வீம்பு.

மார்ச் 17

கடை எங்கள் வீட்டு முன்னறைதான். அண்ணன் துணி வெட்டும் மேசைமேல் தண்ணீர் டம்ளர்கூட வைக்க முடியாது. அண்ணி ஒருமுறை ஈரக்கையை ஊன்றியதற்கு வீடு ரெண்டுபட்டது.

இன்று வந்தபோது கதவு ஒருக்களித்திருந்தது. அந்த மேசைமேல் பழைய போர்வை, போர்வைமேல் சீமாட்டி. ஏறி வர ஒரு முக்காலி போட்டிருந்தான். பக்கத்தில் நின்று, அவள் வயிற்றுக்கு அடியில் கையைக் கொடுத்திருந்தான். அந்த உயரத்தில் அவன் குனிய வேண்டியதில்லை, கை மேலிருந்து வரவும் வேண்டியதில்லை. அவள் அவன் சட்டையில் சாய்ந்து கண்மூடியிருந்தாள். பகலில் கதவைச் சாத்திக்கொண்டு இதைத்தான் பழக்கியிருக்கிறான்.

“என்னை என்ன பாக்குற? காலைப் பாரு. சீக்கிரம் வை, ரொம்ப நேரமா நிக்கிறேன்.”

கழுவி, மருந்து வைத்துக் கட்டினேன். வீக்கம் இருக்கிறது. படம் அனுப்பியதற்கு மருத்துவர், பரவாயில்லை, விடாமல் வையுங்கள் என்றார். என் கையைக் கண்டால் இன்னும் கழுத்தை உள்ளிழுக்கிறாள். அவன் பிடித்திருப்பதால் பொறுத்துக்கொள்கிறாள். அதுவும் எரிச்சல்தான்.

கட்டி முடிக்கும்போது மேசைமேலேயே எச்சமிட்டாள். அண்ணன் வெட்டுத் துணி ஒன்றை எடுத்துத் துடைத்தான்.