பெரியநாயக்கன்பாளையம் போகிற பஸ்

என் அருமை அம்மணிக்கு,

வகுப்பில் உங்களை டீச்சர் என்றுதான் கூப்பிட்டேன். இப்போது என் கையால் எழுதுகிறேன். பெற்ற மகளைக் கூப்பிடுவது போல அம்மணி என்று எழுத ஆசையாக இருந்தது. ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டி, தப்பானதை அடித்து, மெதுவாக எழுதுகிறேன். எழுத எழுதச் சிரிப்பு வருகிறது. இதைப் பார்க்க நீங்கள் இல்லையே. உங்களைக் கொண்டுபோன அந்தக் காய்ச்சலுக்கு வேறு ஆளே கிடைக்கவில்லையா?

ஆனாலும் எனக்கு வயிறு எரிகிறது அம்மணி. மில் சங்கு ஊதியதும் நாங்கள் வந்து உட்காரும் முதியோர் வகுப்புக்குப் புது வாத்தியார் வந்திருக்கிறார்.

நீங்கள் வந்த அன்று ஒவ்வொருவரிடமும், "எதைப் படிக்கோணும்னு ஆசைங்க?" என்று கேட்டீர்கள். நான் என் பெயரைச் சொன்னேன். மில்லில் நூல் நூற்கும் மாராக்காள், மகளைக் கட்டிக்கொடுத்த பெரியநாயக்கன்பாளையத்துக்குப் போகும் பஸ் பலகையைச் சொன்னாள். பஸ் நிலையத்தில் கேட்டால் சில பயல்கள் வேடிக்கைக்கு வேறு பஸ்ஸைக் காட்டுகிறார்களாம். யாரையும் கேட்காமல் மகளைப் பார்த்துவர வேண்டும் அவளுக்கு.

"நீளமா இருந்தா இருக்கட்டுங்க, உங்க மக ஊருதானே" என்று கரும்பலகை ஓரத்தில் எழுதிவைத்தீர்கள். எழுத்தைக் கேட்டால் மட்டும் சொல்லமாட்டீர்கள். "உங்களுக்குத் தெரிஞ்ச பேருல தேடிப் பாருங்க" என்பீர்கள். அவள் பிறந்த ஊரான ராசிபாளையத்தை எழுதக் கற்றாள். மகள் ஊர்ப் பெயரில் பாதி படித்திருந்தாள். நீங்கள் போய்விட்டீர்கள்.

புது வாத்தியார் அந்த ஊரை அழித்துப்போட்டு, 'அணில்' என்று எழுதி எல்லோரையும் சேர்ந்து கத்தச் சொன்னார்.

"ஏனுங்க சார், அணிலு இந்தம்மாவ எந்த ஊருக்குக் கூட்டிட்டுப் போகுமுங்க?" என்றேன்.

"வாயை மூடிட்டு, நான் சொல்றதைத் திருப்பிச் சொல்லுங்க பெரியவரே!"

வாயை மூடிக்கொண்டு எப்படித் திருப்பிச் சொல்வது? பேரன் பேத்தி எடுத்தவர்களைக் கிளியாக்கச் சொல்லி இவரை யார் அனுப்பினார்கள்? மாராக்காள் அன்றோடு வகுப்புக்கு வருவதை நிறுத்திவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை அவளைப் பஸ் நிலையத்துக்குக் கூட்டிப்போனேன். "என்ன எழுத்துன்னு சொல்லிப்போடுங்ண்ணா, பஸ்ஸு போயிரும்" என்று கெஞ்சினாள். நாக்கைக் கடித்துக்கொண்டு நின்றேன். பஸ் போயே போய்விட்டது. அடுத்த பஸ் வந்ததும் கண்டக்டர் வாயைத் திறந்தார்.

"கத்தாதீங்க தம்பி! அந்தம்மா படிக்கட்டும்!"

"ஊருப் பேரைக் கத்தாம நான் வேற என்னத்தைங்க கத்தறது?"

எங்கள் சண்டை அவள் காதில் விழவில்லை. விரலை நீட்டி, உதட்டை அசைத்து, பலகையின் கடைசிக்கு வந்தாள். "என்ற பொறந்த ஊருப் பாளையமுங்ண்ணா இது!"

கூடையை இடுக்கிக்கொண்டு ஏறினாள். ஜன்னல் வழியாக, "நாளைக்கு வகுப்புக்கு வாரேனுங்ண்ணா. அந்த அணிலை ஒரு கை பாக்கலாம்" என்றாள்.

அம்மணி, இனி தினமும் வாத்தியார் வருவதற்கு முன்பே அவரவர் ஆசைப்பட்டதைக் கரும்பலகை ஓரத்தில் நான் எழுதிவைப்பேன். அவர் அழிக்க அழிக்க எழுதுவேன். ஆனால் யார் எவ்வளவு கெஞ்சினாலும், எத்தனை பஸ் போனாலும், அது என்ன எழுத்து என்று மட்டும் சொல்லமாட்டேன்.

உங்களைப் பெறாத அப்பன்,
உங்களிடம் படித்த பிள்ளை,
ரங்கசாமி